நந்தனத்துப் பாலத்தின் கீழே ஒரு நெடுவழிப் பயணம்

சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையைத் தாண்டித் தெற்கே செல்வோர் நந்தனத்தை ஒரு சாலைச் சந்திப்பாகவே அறிவர். குடியிருப்புகள், கலைக்கல்லூரி, ஹாரி க்ரோ பக் 1920ல் தோற்றுவித்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் பரந்த மைதானம் ஆகியவையே அவர்கள் நினைவுக்கு வரும். ஆனால் அம்மைதானத்தை அடுத்துத் தெற்கே ஓர் ஆறு ஓடுகிறது. சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தின் கீழ் நுழைந்து, நந்தனத்தை ஒட்டிக் கோட்டூர்புரம் பாலத்தைக் கடந்து, பட்டினப்பாக்கத்தின் தெற்கே கடலில் கலக்கும் அடையாறுதான் அது. அதன் நீளம் சுமார் 42 கிலோமீட்டர்.

ஆறு கடலைச் சேருமிடத்தைக் கழிமுகம் என்கிறோம். நமக்கு அது ஆற்றின் முடிவு. விலாங்கு மீனுக்கோ அதுவே தலைவாயில்.

'பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு' என்பது நம் பழமொழி. பாரசீகர்களும் இதனை 'மார்மாஹி', அதாவது பாம்பு மீன் என்றே அழைத்தனர். தோற்றத்தைக் கண்டு, 'இதனை உண்ணலாமா?' என்று நம் இல்லத்தரசிகள் ஐயுறுவதுண்டு. செவுளும் துடுப்பும் தோலுக்குள் புதைந்த நுண்செதில்களும் உடைய விலாங்கு மீனினமே ஆகும். 'மார்மாஹி'யை உண்பதில் குற்றமில்லை என ஹனபி சட்ட நூலான 'ஹிதாயா' பெயர் குறித்தே கூறுகிறது. ஷாபி மத்ஹபிலும் அது ஆகுமானதே.

விலாங்கின் பிறப்போ நெடுங்காலம் புதிராகவே இருந்தது. முட்டையுள்ள விலாங்கை எவரும் ஆற்றில் கண்டதில்லை. எனவே அது சேற்றிலிருந்து தோன்றுகிறது என்றே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எண்ணினார். டென்மார்க்கின் யோஹன்னஸ் ஷ்மிட் என்ற அறிஞர் பல ஆண்டுகள் கடலில் வலைவீசி, மேன்மேலும் சிறிய குஞ்சுகளைத் தேடிச் சென்றார். ஐரோப்பிய விலாங்குகள் அட்லாண்டிக்கின் மறுபுறமுள்ள சர்காசோ கடலில் பிறக்கின்றன என்று 1922ல் அறிவித்தார். 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிய 'டானா' என்ற கப்பல், நம் இந்துமாக் கடலில் சுமத்ராத் தீவுக்கு மேற்கே விலாங்கின் இளங்குஞ்சுகளைக் கண்டெடுத்தது.

ஆழ்கடலில் பொரியும் குஞ்சு விலாங்கைப் போலவே இராது. கண்ணாடி போன்ற மெல்லிய இலை வடிவில், நீரோட்டத்தோடு மாதக்கணக்கில் மிதந்து வரும். கரையை நெருங்கியதும் உடல் சுருங்கி உருண்டு, ஊசி போன்ற கண்ணாடி விலாங்காக மாறும். கடல் ஏற்றத்தின் துணையுடன் கழிமுகத்தில் நுழைந்து, நிறம் கொண்டு, ஆற்றை எதிர்த்து ஏறும். ஈரத்தரை இருந்தால் தோலினாலும் சுவாசித்துக் கொண்டு ஊர்ந்து அடுத்த நீர்நிலையை அடைய வல்லது. ஏரியிலும் ஆற்றுப் பொந்திலும் பல ஆண்டுகள் வளர்ந்த பின்னர், கண்கள் பெருத்து, வயிறு வெண்மையுற்று, உணவை அறவே விடும். மழை வெள்ளம் பெருகும் இருண்ட இரவுகளில் கடலை நோக்கி இறங்கும். பிறந்த ஆழத்தில் ஒரே ஒருமுறை முட்டையிட்டு மடியும். திரும்பி வருவதில்லை.

வழிகாட்டும் தாயுமின்றி, முன்சென்ற துணையுமின்றி நிகழும் பயணம் இது! நம் வயல்களில் அகப்படும் ஆரல் மீனும் நீண்ட உடலுடையதே; எனினும் அது நன்னீரிலேயே பிறந்து நன்னீரிலேயே வாழ்வது. கடலையும் ஏரியையும் ஒரே வாழ்வில் இணைப்பது விலாங்கே.

ஆகவே அதற்கு ஆறு முழுவதும் தேவை. கழிமுகம் திறந்திருக்க வேண்டும். இடைவழி நீரில் உயிர்க்காற்று இருக்க வேண்டும். மேலே ஏரி இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று அற்றாலும் பயணம் அற்றுவிடும். அடையாற்றின் முகத்துவாரத்தையோ கோடையில் மணல்திட்டு அடைக்கிறது. நகரின் கழிவுநீர் நீரிலுள்ள உயிர்க்காற்றை உறிஞ்சிவிடுகிறது. ஐரோப்பாவில் அணைகளும் மாசும் மிகைப்பிடிப்பும் சேர்ந்ததன் விளைவு நமக்கோர் எச்சரிக்கை: அங்கு கரை சேரும் விலாங்குக் குஞ்சுகள் 1980க்குப் பின் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குறைந்துவிட்டன.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கியபோது, அடையாறு ஓர் ஆறு என்பதை நாம் அச்சத்தோடு உணர்ந்தோம். அச்சம் தீர்ந்ததும் மறந்துவிடலாகாது. 2011ல் கழிமுகத்தை ஒட்டி 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. குப்பை மேடாகக் கிடந்த இடத்தில் நீரும் பறவைகளும் மீண்டன. கரையோரத்தில் இயன்றது, ஆற்றின் நடுவிலும் இயலும்.

நாம் வீசும் ஒரு பிளாஸ்டிக் பை, நாம் மழைநீர் வடிகாலில் திருப்பிவிடும் ஒரு கழிவுநீர்க் குழாய், இவையும் ஆற்றையே சென்றடைகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நம் ஊர் வாயிலுக்கு வரும் ஓர் உயிருக்கு அந்தக் கதவை அடைத்துவிடாதிருப்பது நம் கையில் உள்ளது.