தாம்பரத்திலிருந்து கடலுக்கு எவ்வளவு தூரம்?

செமஸ்டர் முடிந்தாச்சு. லீவில் எங்கே போகலாம் என்று கேட்டால் எங்கள் கேங்கில் எல்லோரும் சொல்கிற ஒரே பதில் "பீச்". அதனால் இன்றைக்கு மேட்டர் கடற்கரைதான்.

தாம்பரத்தில் கடல் கிடையாது. ஆனால் நாள் முழுக்க "கடற்கரை" என்று போர்டு போட்ட ரயில் போய்க்கொண்டே இருக்கும். 1931-ல் இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அந்த போர்டை நம்பிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் மணலும் இல்லை, சுண்டலும் இல்லை. எதிரே ராஜாஜி சாலை, அதைத் தாண்டித் துறைமுகம். அந்தச் சாலைக்குப் பழைய பெயரே ஃபர்ஸ்ட் லைன் பீச். ஒரு காலத்தில் அங்கே அலை அடித்திருக்கிறது. துறைமுகம் வந்தது, கடல் தள்ளிப் போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம்.

இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. நம் கரையோரம் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் அதற்குக் குறுக்கே வந்தது. மணல் தெற்குப் பக்கம் தேங்கியது, மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் போய்ச் சேராமல் கரை அரித்தது. அங்கே இன்றைக்கும் கல் கொட்டித்தான் கடலைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். பி.காம் முதல் வருஷம் முதல் வகுப்பில் சொல்லித் தருவார்களே, ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று என்று, அதே கணக்கு. மெரினாவில் நாம் காலாற நடக்கிற மணல், வேறு யாரோ ஒருவரின் வீட்டு வாசலில் குறைந்த மணல்.

சரி, எங்களுக்கு நிஜக் கடல் எது? கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஈசிஆர் போய்விடலாம். இல்லாவிட்டால் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம், சுமார் 30 கிலோமீட்டர். 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எனவே எங்கள் ஐந்து பேர் டூரின் செலவு, பஜ்ஜியும் ஒரு பாட்டில் தண்ணீரும்தான். பையன்கள் வந்தால் பட்ஜெட் ஏறும், அவ்வளவே :-)

பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்து ஈசிஆரில் போய்ப் பாருங்கள். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி, முட்டுக்காடு. சாலைக்கு இணையாகக் கடல் கூடவே வருகிறது, ஆனால் பெரும்பாலான இடங்களில் கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் மதில், கேட், ரிசார்ட் பெயர்ப் பலகை, பண்ணை வீடு, மறுபடி மதில். மதில்கள் முடிகிற இடத்தில் ஒரு குப்பம் வரும். அங்கேதான் சட்டென்று கடல் தெரியும். மீனவர்கள் இல்லையென்றால் இந்தச் சாலையில் போகிறவர்களுக்குக் கடலே தெரியாது என்று எனக்குத் தோன்றும்.

ரிசார்ட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதில் வேலை பார்க்கிற அக்காக்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். காசு இருக்கிறவர் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு கடலைப் பார்க்கட்டும். என் கேள்வி வேறு. போன வருஷம் நாங்கள் ஒரு குப்பத்து வழியாக இறங்கி, கரையோரமாகவே நடந்துபோய் ஈர மணலில் உட்கார்ந்தோம். பின்னால் ஒரு ரிசார்ட். அதன் காவலாளி வந்து, "இது ரிசார்ட் பீச்மா, கெஸ்ட் வருவாங்க, தள்ளிப் போங்க" என்றார். பாவம், அவர் சம்பளத்துக்குச் சொல்கிறார். பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி சத்தமாகச் சொன்னார்: "நீ உக்காரும்மா. கடலுக்கு எவன் கதவு போட்டான்?"

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பாட்டி சொன்னதுதான் சட்டமும். 1991-ல் மத்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கொண்டுவந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை என்ன கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்று அது சொல்கிறது. அதில் ரிசார்ட்டுகளுக்கு ஒரு நிபந்தனை: இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போகக் குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும். 2011-லும் 2019-லும் புது அறிவிக்கை வந்தபோதும் இந்த 20 மீட்டர் போகவில்லை. ஒரு எம்டிசி பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினாலும் பக்கத்தில் ஆள் நடக்க இடம் இருக்கும். அடுத்த முறை ஈசிஆரில் போகும்போது அப்படி எத்தனை வழி கண்ணில் படுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நல்லதும் நடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக் கொடிச் சான்றிதழ் கிடைத்தது. டென்மார்க்கில் தலைமையகம் உள்ள ஓர் அமைப்பு தருவது. தண்ணீரின் தரம், கழிப்பறை, உயிர்காப்பாளர் என்று பல விஷயங்களைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலைச்சறுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கி, மீனவக் குடும்பத்துப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். இன்றைக்கு அலைச்சறுக்கு என்றாலே கோவளம் பெயர் வருகிறது. கடலைத் தெரிந்தவன் கையிலேயே கடல் தருகிற வருமானமும் தங்கினால் எப்படி இருக்கும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடைவெளியில் இறங்காதீர்கள். உள்ளே இழுக்கிற நீரோட்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து வெளியே வர வேண்டும். இரண்டு, ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். பிறகு பொரிகிற குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து ரோட்டுப் பக்கம் நடந்துவிடும். 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். மதிலுக்குப் பின்னால் எரிகிற அலங்கார விளக்கை அந்த மாதங்களில் அணைத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

காசு கொடுத்தால்தான் கடல் என்று ஆகிவிட்டால், எங்கள் மாதிரி ஆட்களுக்கு ரயிலின் போர்டில் இருக்கிற கடற்கரை மட்டும்தான் மிஞ்சும். அந்த 20 மீட்டரை நாம் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

உங்கள் ஊர்க் கடற்கரைக்கு வழி திறந்திருக்கிறதா? வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.