கடையில் கிடைத்த குரல்

ஊடகப் படிப்பில் ஜேனிஸ் ஜோப்ளினைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ‘கெட் இட் வைல் யூ கேன்’ அவருடைய பாடல் என்றே நம்பியிருந்தேன். போன வாரம் இரவு நிகழ்ச்சிக்குத் தகவல் திரட்டியபோதுதான், அதை முதலில் பாடியவர் ஹாவர்ட் டேட் என்ற சோல் பாடகர் என்று தெரிந்தது. வெட்கமாகிவிட்டது.

1960களில் பாடினார், பணம் சேரவில்லை. காப்புறுதி விற்றார். மகளைத் தீயில் பறிகொடுத்தார். போதையில் விழுந்து, மீண்டு, மதபோதகரானார். இறந்துவிட்டார் என்றே பலர் நினைத்தார்கள். நியூ ஜெர்சி வானொலி அறிவிப்பாளர் ஒருவர் மட்டும் அவரைப் பார்த்தவர் உண்டா என்று நேயர்களிடம் கேட்டார்.

2001 தொடக்கத்தில், அதே மாநிலத்துப் பேரங்காடி ஒன்றில், பழைய பாடகர் ஒருவர் அவரை அடையாளம் கண்டு, உங்களைத் தேடுகிறார்கள் என்றாராம். 2003இல் புதிய இசைத்தொகுப்பு வந்தது. 2011இல் காலமானார்.

இந்த வாரம் அந்தப் பாடல் ஒலியேறும். பாட்டுக்கு முன்பு ஒரு முறை, பின்பு ஒரு முறை, அவர் பெயரைச் சொல்வேன்.