ஒரே கப்பலா, பல கப்பலா?

போரினால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒரு பத்திரிகையில் உல்லாசக் கப்பல் பயணம் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ மட்டக்களப்பிலோ கனடாவில், லண்டனில், சுவிசில் ஒரு சகோதரியாவது இல்லாத வீடு குறைவு. வருடம் முழுவதும் தொழிற்சாலையில் நின்று உழைத்துவிட்டு, வெள்ளைக் கப்பலின் மேல்தட்டில் நின்று அவள் அனுப்பும் படம் நம் கைத்தொலைபேசிக்கும் வந்து சேருகிறது. அந்தச் சகோதரிகளிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. வருடாவருடம் ஒரே கம்பனியின் கப்பலில் போவதா? அல்லது ஒவ்வொரு முறையும் வேறு கம்பனியைப் பார்ப்பதா?

கேட்கச் சின்ன விடயம் போல இருக்கும். ஒரு சமூகப் பணியாளராக இதற்குள் இருப்பதைப் பார்க்கும்போது, கப்பலில் கால் வைக்காத நமக்கும் இதில் படிப்பதற்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் இந்தக் கம்பனிகள் எப்படி இயங்குகின்றன என்று பார்ப்போம். பெரிய கம்பனிகள் எல்லாம் திரும்பத் திரும்ப வரும் பயணிகளுக்கென ஒரு திட்டம் வைத்திருக்கின்றன. உதாரணமாக றோயல் கரீபியன் கம்பனியில் கப்பலில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு புள்ளி கிடைக்கும். 30 புள்ளி சேர்ந்தால் ஒரு தரம், 80 சேர்ந்தால் அதற்கு மேலான தரம், 700 சேர்ந்தால் எல்லாவற்றிலும் உயர்ந்த தரம். ஏணியில் ஏறுவது போல. தரம் உயர உயரச் சலுகைகளும் கூடும். 80 புள்ளிக்காரருக்கு நாளொன்றுக்கு நான்கு பானங்கள் இலவசம். மதுபானம் தொடாத நம் பெண்ணுக்கு அது கோப்பியும் சோடாவும்தான். ஆகவே சலுகைப் பட்டியலைப் பார்க்கும் பெண் முதலில் கேட்க வேண்டியது, “இதில் நான் உண்மையில் பயன்படுத்தப்போவது எது?” என்பதே.

தனியாகப் போகும் பெண்ணுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கப்பல் அறைகளின் விலை பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் என்ற கணக்கிலேயே போடப்படுகிறது. தனியாக வருபவர் பல கப்பல்களில் ஏறத்தாழ இரண்டு பேருக்கான பணத்தைக் கட்ட வேண்டும். கணவனை இழந்த பெண்ணுக்கு இது சொல்லாமல் விதிக்கப்படும் அபராதம் போன்றது. சில கம்பனிகள் அப்படிக் கட்டுபவருக்கு இரட்டிப்புப் புள்ளி கொடுக்கின்றன. பார்த்தால் பரிசு மாதிரி இருக்கும். உண்மையில் அந்தப் புள்ளி அவளுடைய சொந்தக் காசுதான். மறுபக்கத்தில், நோர்வீஜியன் கம்பனி 2010இல் விட்ட எபிக் என்ற கப்பலில் ஒருவர் மட்டும் தங்குவதற்கான சிறிய அறைகளையே கட்டியது. வேறு கம்பனிகளும் பின்னர் சில கப்பல்களில் அப்படிச் செய்தன. பழகிய கம்பனியைத் தவிர வேறெதையும் பார்க்காத பெண்ணுக்கு இப்படி ஓர் அறை இருப்பதே தெரியவராது.

என் பெரியம்மாவின் மகள் ஒருவர் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். உணவுப் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் எங்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். வருடத்துக்கு ஒரு தடவை ஏழு இரவுக் கப்பல் பயணம் போவதற்காகக் கிழமைக்குக் கிழமை காசு ஒதுக்குவார். ஆறு பயணமும் ஒரே கம்பனி. மகளோடும் தோழியோடும் போய்வந்தவர், கடைசி இரண்டு முறையும் தனியாகவே போனார். இன்னும் இரண்டு பயணம் போனால் மேல் தரம் வந்துவிடும் என்று விரல் விட்டு எண்ணுவார். அவரது தோழியோ ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு கம்பனி. “ஒரே குழம்பை எத்தனை நாளைக்குச் சாப்பிடுறது?” என்பது தோழியின் வாதம்.

கடந்த வருடம் மகள் கணக்குப் பார்த்துச் சொன்னாள்: வேறு கம்பனியில் தனி அறை இருக்கிறது, செலவும் நன்றாகக் குறையும். அக்கா சம்மதிக்கவில்லை. என்னோடு தொலைபேசியில் கதைக்கும்போது காரணம் சொன்னார். “புள்ளிக்காக இல்லை தங்கச்சி. அந்தக் கப்பல்களிலை படிக்கட்டு எங்க, சாப்பாட்டு மண்டபம் எங்க எண்டு எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். இனிமேல் புது இடத்திலை வழி கேட்டுத் திரிய எனக்குத் தெம்பில்லை.”

அக்கா முதன்முதலாக ஏறிய கப்பல் எது என்று எனக்குத் தெரியும். 2009 பெப்ரவரியிலிருந்து மே வரை, காயப்பட்டவர்களையும் அவர்களோடு கூட வந்தவர்களையும் செஞ்சிலுவைச் சங்கத்தினர் போர் நடந்த கரையிலிருந்து கப்பலில் ஏற்றி முதலில் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்கும் கொண்டுபோனார்கள். அக்கா காயப்பட்ட மகளோடு அதில் ஏறினார். கணவர் கரையில் நின்றார். இன்றுவரை அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அதற்கு முன் எத்தனை இடப்பெயர்வு என்று எண்ணினால் இரண்டு கை விரல்களும் முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு பெண் தெரிந்த படிக்கட்டைத் தேடுவதை நாம் மூடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. இடம்பெயர்ந்தவர்களுக்குப் பழக்கம் என்பதே ஒரு வீடு.

ஆனாலும் இரண்டு விடயங்களை அக்காவிடம் எடுத்துச் சொன்னேன். ஒன்று, நாம் விசுவாசமாக இருக்கும் பொருள் நாம் நினைப்பது போல நிலையானதல்ல. கப்பலில் அறை துப்புரவு செய்கிறவர்களும் பரிமாறுகிறவர்களும் மாதக் கணக்கிலான ஒப்பந்தத்தில் வரும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசிய, இந்தியத் தொழிலாளர்கள். போன வருடம் சிரித்த முகம் இந்த வருடம் இருக்குமென்று இல்லை. கப்பலே கைமாறுகிறது. 2023 ஜூனில் காங்கேசன்துறைக்குச் சென்னையிலிருந்து வந்த எம்பிரஸ் கப்பலை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அது 1990இல் றோயல் கரீபியன் கம்பனிக்காகக் கட்டப்பட்டது. 2008இல் ஒரு ஸ்பானியக் கம்பனிக்குப் போய், 2016இல் பழைய கம்பனிக்கே திரும்பி, 2021இல் இந்தியாவின் கோர்டேலியா கம்பனியின் கப்பலாக ஓடத் தொடங்கியது.

விதிகளும் மாறுகின்றன. 2025 ஜூனில் கார்னிவல் கம்பனி ஓர் அறிவித்தல் விடுத்தது. பயணித்த நாட்களுக்குப் பதிலாகச் செலவிட்ட பணத்தை வைத்தே இனித் தரம் கணிக்கப்படும், பெற்ற தரத்தைத் தக்கவைக்கவும் குறித்த காலத்துக்குள் மீண்டும் தகுதி பெறவேண்டும் என்று. பல வருடங்களாக அந்தக் கப்பல்களிலேயே போனவர்கள் மனவருத்தப்பட்டார்கள். ஏணியைக் கட்டியவர் கம்பனிக்காரர். படிகளை மாற்றும் உரிமையும் அவரிடமே இருக்கிறது.

இரண்டாவது விடயம் தோழிக்கும் பொருந்தும். பல கம்பனிகளைப் பார்க்கிறேன் என்று நினைப்பவரும் சிலவேளை ஒரே முதலாளியின் வெவ்வேறு வாசல்களால்தான் நுழைகிறார். கார்னிவல், பிரின்சஸ், ஹொலண்ட் அமெரிக்கா, கொஸ்ரா, கியூனாட் ஆகிய பெயர்களுக்கெல்லாம் உரிமையாளர் ஒன்றே. றோயல் கரீபியனும் செலிபிரிட்டியும் சில்வர்சீயும் இன்னொரு குடும்பம். பெயர்ப்பலகை மாறினால் தெரிவு கூடிவிட்டது என்று எண்ணக்கூடாது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது அறிந்த ஒருவரின் கருத்து இங்கு உதவும். அவர் பெயர் அல்பேட் ஹேர்ஷ்மன். பெர்லினில் பிறந்த யூதர். 1933இல் நாட்டைவிட்டு வெளியேறியவர். 1940இல் பிரான்சின் மார்செய் நகரில், நாசிகளிடமிருந்து தப்பி ஓடியவர்களை வெளியே அனுப்பும் வேலையில் ஈடுபட்டவர். ஓர் அகதியாக வாழ்ந்த அவர் 1970இல் விலகல், குரல், விசுவாசம் என்ற மூன்றையும் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு கம்பனியோ சங்கமோ அரசோ தரம் கெட்டுப் போகும்போது மக்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று விலகிப் போவது. மற்றது, உள்ளேயே நின்று குரல் கொடுப்பது. விசுவாசம் உள்ளவர் உடனே விலகாமல் குரல் கொடுத்துப் பார்ப்பார். ஆனால் விலகிப் போகவும் முடியும் என்று மற்றவருக்குத் தெரிந்திருந்தால்தான் அந்தக் குரலுக்குப் பலம் இருக்கும்.

இதை நம் அனுபவத்தில் வைத்துப் பாருங்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது நான் உயர்தர வகுப்பு மாணவி. யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போக விமானம் இருந்தது. அதற்குக் காசில்லாதவர்களுக்குத் திருகோணமலைக்குப் போகும் கப்பல்தான். படையினரின் அனுமதி வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், நாள் எப்போது வருமென்று காத்திருக்க வேண்டும். திரும்பத் திரும்ப அதில்தான் போனோம். அதற்காக எங்களை யாரும் விசுவாசமான பயணிகள் என்று சொல்லமாட்டார்கள். வேறு வழி இல்லாதபோது ஒன்றிலேயே நிற்பது நிர்ப்பந்தம். வழி இருந்தும் தெரிந்து நிற்பதுதான் விசுவாசம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

அக்கா முதலில் குரல் கொடுத்துப் பார்த்தார். மகளை வைத்துக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து, தனியாக வருபவருக்கு ஏதாவது குறைப்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அதன் பிறகு வேறு கம்பனியின் தனி அறையை எடுத்தார். முதல் இரண்டு நாளும் வழி தவறி மேலும் கீழும் அலைந்தாராம். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் கயானா நாட்டுப் பெண் ஒருவர் பக்கத்தில் இருந்தார். அவரும் கணவரை இழந்தவர். இருவரும் கடைசி நாள் வரை ஒன்றாகவே திரிந்தார்கள். மிச்சம் பிடித்த காசில் ஒரு பகுதி இங்கே பெரியம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு வந்தது.

இனி எப்போதும் புதுக் கம்பனிதானா என்று கேட்டேன். இல்லையாம். வருகிற வருடம் பழைய கப்பலுக்கே போகப் போகிறாராம். “இப்ப எனக்கு அதின்ரை விலையும் தெரியும், மற்றதின்ரை விலையும் தெரியும். படிக்கட்டுக்காக இவ்வளவு கூடக் குடுக்கிறன் எண்டு தெரிஞ்சு குடுக்கிறன்” என்றார். எனக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. போன முறை வரை பயம் அவரை அந்தக் கப்பலுக்குக் கூட்டிப்போனது. இந்த முறை அவராகவே போகிறார்.

கப்பலில் போகாத நமக்கு இதில் என்ன என்று இனிச் சொல்கிறேன். கிளிநொச்சிப் பக்கத்தில் நான் வேலை செய்யும் ஒரு கிராமத்தில் பெண்கள் கச்சான் செய்கிறார்கள். பெரும்பாலானவர்கள் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். விதைக் கச்சானை ஒரு வியாபாரியிடம் கடனாக வாங்கி, விளைந்ததை அவருக்கே கொடுக்கிறார்கள். “கஷ்ட காலத்தில் கைகொடுத்த மனிசன், அவரை விட்டு எப்படி வேறு ஆளிடம் போவது?” என்று கேட்கிறார்கள். அந்த நன்றியுணர்வை நான் மதிக்கிறேன். அவரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது வியாபாரி என்ன விலை கொடுக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். அடுத்த போகத்துக்கு ஒரு பங்கு விதையையாவது சொந்தமாக எடுத்து வையுங்கள். அந்த ஒரு பங்கு விதை கையில் இருந்தால், அதே வியாபாரியின் முன்னால் நின்று விலை பேசும்போது உங்கள் குரல் வேறாக இருக்கும்.

கொப்பியில் கடன் எழுதும் கடை, கிழமைக்கு வந்து பணம் சேர்க்கும் கடன் நிறுவனம், தைத்த சட்டைகளை எடுக்கும் முதலாளி, எல்லோரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். நான் இவரிடம் நிற்பது பிடித்துத்தானா? நாளைக்கு விலக நினைத்தால் என்னால் விலக முடியுமா? இரண்டாவது கேள்விக்கு முடியாது என்பது பதில் என்றால், முதலாவது கேள்விக்கு நாம் சொல்லும் பதிலை நாமே நம்பக்கூடாது.

சகோதரிகளே, பழகியதில் நிலைத்திருப்பது குறையல்ல, புதியதைத் தேடிப் போவது நன்றிகெட்ட செயலும் அல்ல. வருடத்துக்கு ஒருமுறையாவது வேறு வாசலில் நின்று விலை கேளுங்கள். கேட்ட பிறகும் பழைய வாசலே நல்லது என்று பட்டால் மனநிறைவோடு அங்கேயே நில்லுங்கள்.