அந்த ஃபோட்டோ எந்த மாசம் எடுத்தது?

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். ஊருக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே ஒரு தனிக் கூட்டம் நிற்கும். முதுகில் பெரிய பை, அதில் தொங்கும் ட்ரைபாட், துவைத்து மாதக்கணக்கான ஷூ. (2023 டிசம்பர் 30-ல் இந்த பஸ் நிலையம் திறக்கும் வரை இதே கூட்டம் தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் ரோட்டோரம் நின்று கை காட்டிக்கொண்டிருந்தது.) கையில் இருப்பது சனி, ஞாயிறு மட்டும். அதற்குள் ஒரு மலை, ஒரு டென்ட், ஒரு சூரிய உதயம், முக்கியமா ஒரு ஃபோட்டோ!

இவர்களில் பலர் சொல்லும் பெயர் கொழுக்குமலை. தேனி மாவட்டத்தில் 7000 அடிக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டம். இடம் தமிழ்நாடு, ஆனால் ஜீப் பாதை மட்டும் கேரளப் பக்கம் சூரியநெல்லியில் இருந்து ஏறுகிறது. விடிவதற்கு முன்னால் மேலே போய் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம். ராத்திரி குளிர்ந்த காற்று கனமாகி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், அதிலுள்ள ஈரம் பனிமூட்டமாகும். மேலே நிற்பவருக்கு அது கடல் மாதிரி தெரியும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது வெளிச்சம் காற்றில் நிறைய தூரம் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிவிடும், சிவப்பும் மஞ்சளும் மிஞ்சும். மொத்தம் ஒரு இருபது நிமிஷம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் விவரமானவர்கள் ஒரு பேட்டரியை சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். விவரமில்லாதவர்கள் சரியாக சூரியன் வரும்போது மொபைலை எடுப்பார்கள் :-)

அந்த மேகக் கடல் வருஷம் பூராவும் கிடையாது. மழைக்கு அப்புறம், நவம்பர், டிசம்பர், ஜனவரி... அப்போதுதான் நன்றாக அமையும். அதே சரிவு மார்ச்சில் வேறு ஆள். புல் காய்ந்து பொன்னிறமாக இருக்கும். படத்தில் அதுவும் அழகுதான். சிக்கலே அங்கேதான்.

விண்டோஸ் எக்ஸ்பி வால்பேப்பரை மறந்திருக்க மாட்டீர்கள். பச்சை மேடு, நீல வானம். 1996 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் சார்லஸ் ஓ'ரியர் எடுத்தது. கம்ப்யூட்டரில் செய்த வேலை என்று பலர் நினைத்தார்கள், ஆனால் அது நிஜ இடம். அந்த மேட்டில் இருந்த திராட்சைக் கொடிகளைப் பூச்சி தாக்கியதால் பிடுங்கிப் போட்டிருந்தார்கள், மழையில் புல் முளைத்திருந்தது. பிறகு திரும்பவும் திராட்சை நட்டுவிட்டார்கள். இப்போது அங்கே போனால் அந்தப் படம் கிடைக்காது. படம் காட்டியது ஒரு இடத்தை அல்ல, அந்த இடத்தின் ஒரு நாளை.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். பேலன்ஸ் ஷீட்டின் தலையிலேயே "மார்ச் 31 அன்று உள்ளபடி" என்று இருக்கும். தேதி இல்லாத பேலன்ஸ் ஷீட்டை ஃபர்ஸ்ட் இயர் பையன்கூட நம்ப மாட்டான். தேதி இல்லாத ஃபோட்டோவை மட்டும் எல்லோரும் நம்பிப் பையைக் கட்டுகிறார்கள்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் இருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இருந்து இன்னொரு குழு. சென்னைக் குழுவில் பெரும்பாலும் பெண்கள், மகளிர் தினத்தை ஒட்டிக் கிளம்பியவர்கள். முந்தின நாள் போடிக்கு மேலே இருக்கும் குரங்கணியில் இருந்து நடந்து கொழுக்குமலை ஏறினார்கள். ராத்திரி மேலே தங்கல். ஞாயிறு இறங்கும்போது காடு பற்றிக்கொண்டது.

சரிவில் தீ எப்படிப் போகும் என்பது சமவெளியில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரிய நியாயமும் இல்லை. தீ மேல்நோக்கி ஓடும்போதுதான் வேகம். கீழே எரிகிற சூடு மேலே உள்ள புல்லை முதலிலேயே வறுத்துவிடும், அதனால் தீ வந்து தொட்டதும் அது பிடித்துக்கொள்ளும். காற்றும் சேர்ந்தால் மனிதக் காலால் ஜெயிக்க முடியாது. படத்தில் பொன்னாக மின்னுகிற அந்தப் புல்தான் விறகு. ஹெலிகாப்டர் வந்தது, அதற்கு முன்னாலேயே மலைக் கிராமத்து ஜனங்கள் ஓடிப் போய்த் தூக்கி வந்தார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் அன்றைக்கே, சிலர் தீக்காயத்தோடு வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து.

அப்புறம் நடந்தது வழக்கமான கதை. "பொண்ணுங்களுக்கு எதுக்கு மலை" என்று ஒரு கூட்டம், "ஃபோட்டோவுக்காகச் செத்தார்கள்" என்று ஒரு கூட்டம். இரண்டும் அபத்தம். அவர்கள் போனது தப்பில்லை. மார்ச் மாசம் மலை எப்படி இருக்கும் என்பதை உரக்கச் சொல்ல யாருமில்லை, அதுதான் தப்பு.

அந்த வருஷமே அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு திறந்தது, கூட வழிகாட்ட உள்ளூர், பழங்குடி இளைஞர்கள். 2025-ல் பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்று எல்லாவற்றையும் மூடினார்கள். "லீவு கிடைக்கிற நேரம் பார்த்து மூடிட்டாங்களே" என்று புலம்பியவர்கள் உண்டு. புலம்பட்டும். அந்த இரண்டு மாசம் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் போகலாம், தாம்பரம்–வேளச்சேரி ரோட்டிலேயே வெளிச்சமும் பறவையும் தண்ணீரும் இருக்கிறது. டென்ட் மட்டும் போட முடியாது.

ஒரு சின்ன விஷயம். கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் தேதியை எழுதித்தான் வைக்கிறது. வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பும்போது அது போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் இருக்கும். அதுவும் சோம்பலாக இருந்தால் படத்துக்குக் கீழே "டிசம்பர்" என்று ஒரு வார்த்தை டைப் பண்ணலாம்.