கிளட்ச் பிடிக்காத கியர் மாற்றம்: மூலம் தேடி ஒரு பயணம்

நெடுந்தொலைவுப் பயணத்துக்கென வடிவமைக்கப்படும் இன்றைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில், வண்டி நகரத் தொடங்கியபின் இடக்கை கிளட்ச் லீவரைத் தொடாமலேயே, பாதத்தின் ஒரே அசைவால் கியர்களை மேலும் கீழும் மாற்றிக்கொள்ளும் வசதி இடம்பெற்றுவிட்டது. பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஆர் 1200 ஆர்டி என்னும் டூரிங் வண்டியில் 'கியர் ஷிஃப்ட் அசிஸ்டன்ட் ப்ரோ' என்ற பெயரில் இதனைக் கூடுதல் விலைக்கு அளித்தது. அதற்கு முன்பே, மேல் கியருக்கு ஏறும்போது மட்டும் செயல்படும் எளிய வடிவம் 2008ஆம் ஆண்டின் எச்.பி.2 ஸ்போர்ட் வண்டியில் இருந்தது. பந்தயத்தளத்தில் பிறந்து சாலைக்கு இறங்கிய மின்னணு நுட்பம் என்றே இது பொதுவாக அறிமுகப்படுத்தப்படுகிறது. ஆனால் இதன் மூலத்தைத் தேடிப் பின்னோக்கிச் செல்பவர் ஓரிரு எட்டுகளிலேயே மின்னணுவியலைக் கடந்துவிடுகிறார். அதற்கப்பால் அவரை எதிர்கொள்பவை கியர் பெட்டிக்குள் இருக்கும் இரும்பு முட்டுகளும், அவற்றைப் பழைய ஓட்டுநர்கள் மணிக்கட்டால் ஏமாற்றிய கைப்பழக்கமுமே ஆகும்.

இத்தகைய வண்டியைப் புதிதாகப் பழகுபவருக்கு நேரும் இடர்ப்பாடே தேடலுக்கு நல்ல நுழைவாயில். மேல் கியருக்கு மாறும்போது ஆக்சிலரேட்டரைத் திறந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி; ஆனால் பல ஆண்டுகளாகக் கிளட்ச் பிடித்து ஓட்டிய வலது மணிக்கட்டோ, பாதம் லீவரைத் தொட்ட கணமே தன்னையறியாமல் ஆக்சிலரேட்டரை மூடிவிடுகிறது. லீவரோடு இணைந்த தண்டிலுள்ள உணரி பாதத்தின் அழுத்தத்தை அறிந்ததும், என்ஜினின் கணினி தீப்பொறியையோ எரிபொருளையோ சில பத்து மில்லி விநாடிகளுக்கு நிறுத்தி, கியர் விழுந்தவுடன் மீண்டும் விசையைத் திறந்துவிடும். ஓட்டுபவர் பழக்கத்தால் தாமும் ஆக்சிலரேட்டரை மூடினால், விசை ஒரே நேரத்தில் இரு வழிகளில் துண்டிக்கப்பட்டு, என்ஜின் பிரேக்கிங் குறுக்கிட்டு வண்டி குலுங்குகிறது. பின்னால் அமர்ந்திருப்பவரின் ஹெல்மெட் முன்னவர் ஹெல்மெட்டில் 'டொக்' என்று இடித்து அதனை உடனே அறிவித்துவிடும். கீழ் கியருக்கு இறங்கும்போது விதி தலைகீழாகிறது: ஆக்சிலரேட்டர் மூடியிருக்க வேண்டும், சுற்றுகளை உயர்த்தும் வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் லீவரைப் பாதம் முழுமையாக விடுவிக்க வேண்டும். அரைகுறையாக அழுத்தியபடி இருந்தால் உணரி அடுத்த கட்டளையைப் பெறாது. நிற்கவும் புறப்படவும் கிளட்ச் வழக்கம்போலவே தேவை.

கிளட்ச் பிடித்தால்தான் கியர் விழும் என்று பழகிய எவருக்கும் இங்கே ஒரு கேள்வி எழும். சில மில்லி விநாடி விசைத் தடையே கியரை மாற்றப் போதும் என்றால், கிளட்ச் இத்தனை காலமும் என்ன செய்துகொண்டிருந்தது?

விடையைக் கியர் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் காணலாம். மோட்டார் சைக்கிளின் பெட்டியில் ஒவ்வொரு கியருக்கும் உரிய இரு பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே சுழல்கின்றன. கியர் மாற்றும்போது பற்கள் புதிதாகச் சேர்வதும் இல்லை, பிரிவதும் இல்லை. ஒவ்வொரு இணையிலும் ஒரு சக்கரம் தண்டோடு பிணைந்தும் மற்றது தண்டின்மேல் தனியாகச் சுழன்றும் இருக்க, பக்கவாட்டில் நகரும் ஒரு சக்கரம் தன் பக்கத்திலுள்ள தடித்த முட்டுகளால் தனித்துச் சுழலும் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும்போதே அந்தக் கியர் உயிர்பெறுகிறது. பட்டறைகளில் இம்முட்டுகளை 'டாக்' என்பர். பாத லீவர் ஒரு வரிப்பள்ளமிட்ட உருளையைத் திருப்ப, அப்பள்ளங்களில் ஓடும் கவைகள் சக்கரங்களை இங்குமங்கும் தள்ளுகின்றன. என்ஜின் விசை கொடுத்துக்கொண்டிருக்கும் வரை முட்டும் முட்டும் ஒன்றன்மேல் ஒன்று பலமாக அழுந்திக் கிடப்பதாலும், அவற்றின் முகங்கள் சில பாகை உள்நோக்கிச் சரிவாகச் செதுக்கப்பட்டு ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதாலும், பாதத்தின் பலம் அவற்றைப் பிரிக்கப் போதாது. அந்தச் சரிவு மழுங்கிய பெட்டியில்தான் வேகமெடுக்கும்போது கியர் தானாகக் கழன்று நழுவுகிறது.

ஆகவே கியர் மாற்றத்தில் கிளட்ச் செய்வது முட்டுகளின் மேலுள்ள சுமையை நீக்குவதே. அச்சுமையை நீக்க வேறு வழி கிடைத்தால் கிளட்சுக்கு அங்கே வேலையில்லை. என்ஜின் சக்கரத்தைத் தள்ளும் நிலையிலிருந்து சக்கரம் என்ஜினைத் தள்ளும் நிலைக்கு மாறுகையில், இரண்டுக்கும் நடுவே முட்டுகளின்மேல் எந்தச் சுமையும் இல்லாத ஒரு கணம் வந்தே தீரும். பாதத்தால் லீவரை முன்கூட்டியே மெல்ல அழுத்திவைத்து, ஆக்சிலரேட்டரை ஒரு நொடித்துளி மட்டும் மூடித் திறந்தால், அந்தக் கணத்தில் கியர் வழுக்கிக்கொண்டு விழும். நீண்ட நாள் வண்டி ஓட்டியவர்கள் பலர் எவ்விதக் கருவியும் இன்றி இதைச் செய்துவந்தனர். குவிக் ஷிஃப்டர் எனப்படும் கருவி அந்த மணிக்கட்டின் வேலையைத் தான் எடுத்துக்கொண்டதேயன்றி, பெட்டிக்குள் புதிதாக எதையும் நிகழ்த்தவில்லை.

காருக்கு இது ஏன் வாய்க்கவில்லை என்பதும் இதனோடு தொடர்புடையது. தொடக்கக் காலக் கார்களில் சுழலும் பற்சக்கரங்களையே நகர்த்தி ஒன்றோடொன்று பொருத்த வேண்டியிருந்ததால் பற்கள் அரைபடும் ஓசை ஓட்டுநரின் அன்றாடத் துணையாயிற்று. 1928இல் கேடிலாக் கார்களில் அறிமுகமான சின்க்ரோமெஷ், அதாவது பொருந்தப்போகும் பாகங்களின் சுழல்வேகத்தை உராய்வால் முதலில் சமப்படுத்தும் அமைப்பு, அந்தத் தொல்லையைத் தீர்த்தது. மோட்டார் சைக்கிளின் சக்கரங்கள் எடை குறைந்தவை, கியர் விகிதங்கள் நெருக்கமானவை, முட்டுகளுக்கிடையே இடைவெளி தாராளமானது. ஆகவே அது அந்த ஏற்பாடின்றியே காலம் தள்ளியது. விகித இடைவெளி 20 சதவீதம் எனக் கொண்டால், நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடும் என்ஜின் அடுத்த கியரில் 4000 சுற்றுக்கு இறங்கினால் போதும். முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் இடையே இவ்விடைவெளி வழக்கமாக இதைவிடப் பெரிது என்பதால், குவிக் ஷிஃப்டர் உள்ள வண்டியிலும் அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் கிளட்ச் பிடிப்பதே பயணத்துக்கு இதமானது.

மணிக்கட்டும் பாதமும் ஒரே கணத்தில் இணைந்து இயங்கும் வாய்ப்பு எப்போது பிறந்தது? பெட்ரோல் தொட்டியின் பக்கத்திலுள்ள கைப்பிடியை நகர்த்திக் கியர் மாற்றிய காலத்தில், ஒரு கை ஹேண்டில்பாரை விட்டு விலகியாக வேண்டும் என்பதால் இந்நுட்பத்துக்கு இடமே இல்லை. இங்கிலாந்தின் வெலோசெட் நிறுவனத்தில் ஹெரால்ட் வில்லிஸ் 1928 அளவில் உருவாக்கிய பாத மாற்றம், லீவரை ஒருமுறை அழுத்தினால் ஒரு கியர் மட்டும் மாறி, லீவர் தானாகவே நடுநிலைக்குத் திரும்பும்படி அமைந்தது. கியர் எங்கே இருக்கிறது என்று கையால் துழாவ வேண்டியதில்லை; அடுத்தது மேலா கீழா என்பதை மட்டும் பாதம் தீர்மானித்தால் போதும். கிளட்சில்லா மாற்றத்தின் மெய்யான பிறப்பிடத்தைச் சுட்டச் சொன்னால், கணினியைவிட இந்தச் சிறு பல்லிணைப்பையே சுட்டுவது நேர்மை.

எனினும் 'கிளட்ச் இல்லாத வண்டி' என்ற சொல்லைப் பின்பற்றிச் செல்பவர் வேறொரு கிளையிலும் போய் நிற்பார். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனம் 1946இல் வெளியிட்ட 250 சிசி 'பெராக்' வண்டியில், கியர் லீவரின் அசைவே கிளட்சைப் பிரித்துவிடும் ஏற்பாடு இருந்தது. பாதம் லீவரை அழுத்தும்போது முதலில் கிளட்ச் விலகி, பிறகு கியர் மாறி, லீவரை விடும்போது கிளட்ச் மீண்டும் பற்றும். மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் தயாரித்து, 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் விற்ற வண்டிகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கிக்கரும் கியரும் ஒரே லீவராக அமைந்த அவ்வண்டிகளில் கிளட்ச் கேபிள் அறுந்தால் நடுவழியில் நிற்க வேண்டியதில்லை. லீவரைப் பாதத்தால் அழுத்திப் பிடித்து, மெல்ல மெல்ல விட்டே வண்டியைக் கிளப்பிவிடலாம்.

1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் இதனை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்று கிளட்ச் லீவரையே அகற்றியது. என்ஜின் சுற்று கூடும்போது தானே பற்றும் மையவிலக்குக் கிளட்சும், கியர் மிதியோடு பிணைந்த விடுவிப்பும் சேர்ந்ததால், ஒரு கையில் உணவுத் தட்டுகளோடு செல்பவரும் அதை ஓட்ட முடிந்தது. 2017இல் அதன் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் 2009இல் 'ஜைவ்' என்ற பெயரில் இதே வழியில் ஒரு 110 சிசி மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தபோதோ, அது சந்தையில் நிலைக்கவில்லை.

இந்தக் கிளைக்கும் முந்தைய கிளைக்கும் உள்ள வேறுபாட்டை ஓட்டிப் பழகுபவர் மறந்துவிடக் கூடாது. ஜாவாவிலும் கப்பிலும் கிளட்ச் ஒவ்வொரு மாற்றத்திலும் உண்மையிலேயே பிரிகிறது, பிரிப்பது கையன்று என்பதே புதுமை; குவிக் ஷிஃப்டரில் கிளட்ச் பிரிவதே இல்லை. ஒன்றில் பழகிய பாதத்தின் நிதானம், லீவரை மெல்ல விடும் அந்த நயம், மற்றொன்றில் கெடுதலாகவே முடியும். அங்கே அழுத்தம் தயக்கமின்றி, ஒரே மூச்சில் அமைய வேண்டும்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் யார்க்ஷயரின் இரு அண்டை ஊர்கள் வருகின்றன. கிளெக்ஹீட்டனின் ஃபீலன் அண்ட் மூர், பிராட்ஃபோர்டில் 1908 முதல் வண்டி செய்த ஆல்ஃபிரட் ஸ்காட் ஆகியோரின் வண்டிகளில், வெவ்வேறு விகிதமுள்ள இரண்டு சங்கிலிகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க, எந்தச் சங்கிலியின் விரிவுக் கிளட்ச் பற்றுகிறதோ அந்தக் கியர் இயங்கியது. ஸ்காட் வண்டியில் அதைத் தேர்ந்தது ஒரு பாத மிதி. தனியே ஒரு கிளட்ச் அவற்றுக்குத் தேவைப்படவில்லை. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொன்றும் வைத்து ஹோண்டா 2010இல் விஎஃப்ஆர் 1200 எஃப் வண்டியில் அளித்த இரட்டைக் கிளட்ச் அமைப்பை இதன் வழித்தோன்றல் என்று கொள்ள ஆசை எழலாம். ஆயினும் இரண்டுக்கும் இடையே தொடர்ச்சி எதுவும் இல்லை, ஒரே சிக்கல் இருமுறை ஒரே விதமான விடையைப் பெற்றது என்பதே சரி.

டூரிங் வண்டிகளில் கிளட்ச் லீவரை முழுமையாகக் கைவிட்ட முயற்சிகளில் யமஹாவின் எஃப்ஜேஆர் 1300 ஏஎஸ் (2006) கவனத்துக்குரியது. மின்கட்டுப்பாட்டு இயக்கிகள் கிளட்சையும் கியரையும் நகர்த்த, ஓட்டுபவர் பாத லீவராலோ இடக்கைப் பொத்தானாலோ கட்டளை மட்டும் இடுவார். நெடுஞ்சாலையில் சுகமாக இருந்த இவ்வமைப்பு, குறுகிய சாலையில் யூ-டர்ன் எடுக்கும்போது பலரைத் தடுமாறவைத்தது. கனத்த வண்டியை நடைவேகத்தில் திருப்பும்போது கிளட்சைப் பாதி பிடித்து விசையை மட்டுப்படுத்துவது எவ்வளவு முக்கியம் என்பது, அந்த லீவர் கைக்கு எட்டாதபோதுதான் தெரிந்தது. பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஆக்சிலரேட்டரைச் சற்றுத் திறந்து வைத்திருப்பதே அதற்குக் கண்ட மாற்று.

அண்மைய வடிவங்கள் இந்த அனுபவத்தைக் கணக்கில் கொண்டே உருவானவை போலத் தோன்றுகின்றன. பி.எம்.டபிள்யூ 2024 முதல் ஆர் 1300 ஜிஎஸ் வரிசையிலும், பின்னர் ஆர் 1300 ஆர்டி டூரிங் வண்டியிலும் தரும் தானியங்கி மாற்ற உதவி, கிளட்ச் லீவரை நீக்கி இரண்டு மின்இயக்கிகளை வைக்கிறது. ஓட்டுபவர் விரும்பினால் பாத லீவரால் மாற்றலாம், இல்லையேல் வண்டியிடமே விட்டுவிடலாம். ஹோண்டா 2023இல் அறிவித்து 650 சிசி வண்டிகளில் வைத்த 'இ-கிளட்ச்' வேறு முடிவை எடுத்தது. கியர் மாறும்போது அது எரிபொருளையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்துகிறது, கூடவே சிறு மோட்டார்களால் கிளட்சையும் ஓரளவு பிரிக்கிறது. அதாவது வெலோசெட்டுக்குப் பின்னான கிளையும் ஜாவாவின் கிளையும் ஒரே வண்டிக்குள் வேலை செய்கின்றன. கிளட்ச் லீவர் அதன் இடத்திலேயே இருக்கிறது. எந்தக் கணத்திலும் ஓட்டுபவர் அதைப் பிடித்தால் மோட்டார்கள் விலகி, கட்டுப்பாடு கைக்கே வந்துவிடுகிறது.