ஒன்றரை ஷிப்டும் ஒரு கோலும்

பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்துக்குக் கால்பந்து ஆடப் போனது 1999ஆம் வருசக் கடைசியில். அப்போது எங்கள் ஊர் குன்னத்தூர் ஈரோடு மாவட்டம், பெருந்துறை தாலுகா. திருப்பூர் மாவட்டம் என்று ஒன்று வந்தது 2009இல்தான். ஆனால் ஊரில் பாதி வீட்டு அடுப்பு அதற்கு வெகு முன்பிருந்தே திருப்பூரை நம்பித்தான் எரிந்தது. விடிந்ததும் தூக்குப்போசியோடு பெருமாநல்லூர் வழியாகப் பஸ் ஏறுகிற கூட்டம் ஒருபக்கம். ஊரைத் தாண்ட முடியாதவர்களுக்கு ஊருக்குள்ளேயே பவர்டேபிள் என்கிற தையல் கொட்டகைகள்.

சித்தப்பா ஓட்டுக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து மிஷின் போட்டிருந்தார். திருப்பூரில் கட்டிங் முடிந்த துணி கட்டுக்கட்டாக வந்து இறங்கும். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று மிஷின் மிஷினாகக் கைமாறி, பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்துத் திரும்ப அனுப்ப வேண்டும். பத்தாவது லீவில் கைமடிக்கப் போனவன் பள்ளிக்கூடம் திறந்த பிறகும் சனி ஞாயிறுகளில் அங்கேயே கிடந்தேன். டெய்லர் தைத்துத் தள்ளுகிற பீஸை எடுத்து மடித்து அடுக்க வேண்டும், அவ்வளவுதான் கைமடி. கைக்குத்தான் வேலை, வாய்க்கும் காதுக்கும் இல்லை. கால்பந்து எனக்கு அந்தக் காது வழியாக வந்தது.

கொண்டுவந்தவர் ஓவர்லாக் தைத்த சேட்டன். மலப்புறத்துக்காரர். மற்ற டெய்லர்களின் மிஷினுக்கு மேலே சாமி படமும் சினிமாப் படமும் ஒட்டியிருக்கும். சேட்டன் மிஷினுக்கு மேலே ஐ.எம். விஜயன். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த பையன் இந்திய அணிக்குக் கேப்டன் ஆன கதையைச் சொல்லும்போது சேட்டன் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவார். மிஷின் நின்றால் பீஸ் ரேட்டில் அவருக்குத்தான் நட்டம். (பிற்பாடு ‘திமிரு’ படத்தில் விஷாலோடு மோத வந்த ஆளைப் பார்த்துத் தியேட்டரில் நான் மட்டும் கத்தினேன். அது ஐ.எம். விஜயன் என்று பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியவில்லை.)

விஜயனுக்குக் கீழே இன்னொரு படம். பத்திரிகையிலிருந்து வெட்டியது, ஓரத்தில் மிஷின் எண்ணெய் படிந்தது. குள்ளமாக, நேபாளிச் சாடையில் ஒரு பையன். “இவன்தான் பூட்டியா” என்றார் சேட்டன். “இவங்க ரெண்டு பேரும் ஒரே டீம். என்ன டீம் தெரியுமோ? துணி மில்லு டீம்.”

அந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன் என்று நினைக்கிறேன். ஜே.சி.டி. என்றால் ஜகத்ஜித் காட்டன் டெக்ஸ்டைல். பஞ்சாபில் பக்வாரா என்கிற ஊரில் இருந்த மில். துணி நெய்கிற மில் ஒன்று கால்பந்து அணி வைத்திருக்கிறது, அதில் விஜயனும் பூட்டியாவும் ஜோ பால் அஞ்சேரியும் கார்ல்டன் சாப்மனும் ஆடுகிறார்கள், அந்த அணி 1996-97இல் நடந்த முதல் தேசிய லீக்கையே ஜெயித்துவிட்டது, பூட்டியா அதில் 14 கோல் போட்டு எல்லோருக்கும் மேலே நின்றான் என்பதெல்லாம் எனக்குப் பெரிய அதிசயம். எங்கள் பக்கத்து பனியன் கம்பெனிகளில் சரஸ்வதி பூஜைக்குப் பொரி கொடுப்பார்கள், தீபாவளிக்குப் போனஸ் கொடுப்பார்கள். பந்து வாங்கிக் கொடுத்த கம்பெனியை நான் கேள்விப்பட்டதில்லை.

பூட்டியா சிக்கிமில் டிங்கிடாம் என்கிற மலைக்கிராமத்தில் 1976இல் பிறந்தவர். 1993இல், மீசை முளைக்கிற வயசில், கல்கத்தாவுக்கு இறங்கிவந்து ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். நடுவில் பக்வாரா மில். பிறகு மறுபடி ஈஸ்ட் பெங்கால். 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, எதிரில் மோகன் பகான். வந்த கூட்டம் 1,31,000 பேர். இந்தியாவில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு அதற்கு முன்பும் பின்பும் அத்தனை பேர் கூடியதில்லை. மோகன் பகானுக்கு அமல் தத்தா பயிற்சியாளர். ‘டயமண்ட்’ என்று அவர் வகுத்த ஆட்டமுறையைப் பற்றித்தான் அன்றைக்குக் கல்கத்தா முழுக்கப் பேச்சு. பூட்டியா மூன்று கோல் போட்டார். நாலுக்கு ஒன்று என்று முடிந்தது. சேட்டன் இந்த ஆட்டத்தைப் பார்த்தவரில்லை, படித்தவர்தான். ஆனால் கத்தரிக்கோலையும் நூல்கண்டையும் செக்கிங் டேபிளில் நகர்த்தி நகர்த்தி அவர் சொன்னது நேரில் பார்த்தவன் சொல்கிற மாதிரி இருக்கும்.

அதற்கப்புறம்தான் இங்கிலாந்து. ஃபுல்ஹாம், வெஸ்ட் புரோம்விச், ஆஸ்டன் வில்லா என்று சோதனை ஆட்டங்களுக்குப் போய்க் கைகூடாமல், கடைசியில் மான்செஸ்டருக்குப் பக்கத்திலிருக்கும் பரி என்கிற சின்ன ஊர்க் கிளப் மூன்று வருசத்துக்கு எடுத்துக்கொண்டது. 1936இல் கிளாஸ்கோ போய் செல்டிக் அணிக்கு வெறுங்காலோடு இரண்டு ஆட்டம் ஆடிய கல்கத்தா முகமது சலீமுக்குப் பிறகு ஐரோப்பாவில் தொழில்முறையாக ஆடப் போன இந்தியர் பூட்டியாதான். பரி இருந்தது மூன்றாம் தட்டில். பேர் மட்டும் இரண்டாம் டிவிஷன். டிவியில் வராது. நம் பேப்பர்களிலும் பூட்டியா பெயருக்காக ஒரு வரி போட்டால் உண்டு.

ஆகவே எங்களுக்கு ரேடியோ. சேட்டன் வைத்திருந்தது ஒரு மூன்று பேண்ட் பெட்டி. இங்கிலாந்தில் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும். குளிர்காலத்தில் நமக்கு அது ராத்திரி எட்டரை. முடிந்து பிபிசியில் முடிவு வாசிக்கும்போது பத்தே காலைத் தாண்டிவிடும். எங்கள் கொட்டகையில் சனிக்கிழமை சம்பளமும் அதே நேரத்துக்குத்தான் வந்து சேரும். சித்தப்பா திருப்பூர் கம்பெனியில் பில் பாஸாகக் காத்துக் கிடந்து, பணத்தை வாங்கிக்கொண்டு, டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து இறங்குவார். அதுவரை ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும். பொம்பளைகள் பிசிறு வெட்டியபடியே வாசலைப் பார்ப்பார்கள். ஒரு மூலையில் ரேடியோ ஊர் ஊராக வாசித்துக்கொண்டு போகும். வாசிக்கிறவர் முதல் அணியின் எண்ணைச் சொல்கிற தொனியிலேயே அடுத்த எண் கூடவா குறையவா என்று பிடிபட்டுவிடும். அர்த்தம் தெரியாத ஊர்ப் பெயர்கள்: ரெக்ஸம், ஓல்டம், பிரெஸ்டன், பர்ன்லி.

“சேட்டா, ஒரு பாட்டு வைங்க. இந்த வெள்ளைக்காரனுக்கு யாரு சம்பளம் போடறது?” என்று சித்தப்பா நோட்டை விரித்தபடி சத்தம் போடுவார்.

“ரெண்டு மினிட் முதலாளி. பரி வரட்டும்.”

பரி வரும், போகும். ரேடியோ எண்ணைத்தான் சொல்லுமே தவிர யார் கோல் போட்டது என்று சொல்லாது. அது திங்கட்கிழமை டீக்கடைப் பேப்பரிலோ பள்ளிக்கூட லைப்ரரி ‘இந்து’விலோ இருந்தால் இருக்கும். பெரும்பாலும் இராது. கார்டிஃப் சிட்டிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார் என்பது வந்தது. அவரை எடுத்த மேனேஜர் நீல் வார்னாக் டிசம்பரிலேயே ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குப் போய்விட்டார் என்பது வந்தது. பொங்கல் போயிற்று, மாசி போயிற்று. சேட்டனும் மூலை ரேடியோவும் விடவில்லை.

2000 ஏப்ரல் 15. அந்த வாரத்தில்தான் சித்திரை ஒன்று, கம்பெனி லீவு. விட்ட வேலையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய சனிக்கிழமை. செஸ்டர்ஃபீல்டுக்கு எதிராக அன்றைக்குத்தான் பூட்டியா இங்கிலாந்தில் தன் முதல் கோலைப் போட்டார். எங்களுக்கு அது தெரிந்தது திங்கட்கிழமை. அந்தத் துண்டுச் செய்தியைக் கடைக்காரர் பார்க்காதபோது கிழித்து, டவுசர் பாக்கெட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சேட்டன் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை, எல்லோருக்கும் டீயும் வடையும் சொன்னார். எதற்கென்று கேட்ட பேட்லாக் டெய்லரிடம் “நம்ம பையன் ஒருத்தன் பாஸாயிட்டான்” என்றார்.

மூன்று வருசத்தில் 37 ஆட்டம், மூன்று கோல். முழங்கால் காயம், பெஞ்சு, திரும்பக் காயம். 2002இல் கிளப்பே கடனில் மூழ்கி நிர்வாகம் கைமாறியது, கீழ்த்தட்டுக்கும் இறங்கியது. பூட்டியா ஊர் திரும்பினார். அடுத்த வருசமே ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தபோது ஒன்பது கோல் போட்டு முதலிடத்தில் இருந்தார் என்பதால் காலில் சரக்கு தீர்ந்துவிடவில்லை என்பது நிச்சயம். என் அக்கா மகன் இப்போது போனில் அந்த 37-ஐயும் 3-ஐயும் காட்டி “இதுக்கா மாமா இத்தன பில்டப்பு?” என்கிறான். அவனுக்கு அது ஹாலண்டு என்கிற ஆட்டக்காரர் ஒரு மாசத்தில் போடுகிற கணக்கு. கோல் கணக்கென்றால் நான் வேறு ஆளைச் சொல்வேன். 1997-98 தேசிய லீக்கில் எஃப்.சி. கொச்சினுக்கு 10 கோல் போட்டு முதலில் வந்த ராமன் விஜயன் தமிழ்நாட்டுக்காரர். அவர் பெயரை அன்றைக்கு எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அந்தப் பரிக்கே கூட கிரெய்க் மேடன் என்றொருவர் 1981-82இல் ஒரே சீசனில் 35 லீக் கோல் போட்டிருக்கிறார். பூட்டியா எனக்கு எண்ணிக்கை அல்ல. சனிக்கிழமை.

அந்த ஊரைப் பற்றி நான் ஒழுங்காகப் படித்தது ரொம்பப் பிற்பாடு. பரி ஒரு பஞ்சாலை ஊர். 1733இல் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை வாங்கிய ஜான் கே பிறந்தது அதன் பக்கத்தில்தான். சென்னிமலையில் என் பெரியம்மா வீட்டுக் குழித்தறியில் ஒரு கயிற்றைச் சுண்டி இழுத்தால் நாடா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஓடும். அந்தக் கயிறு பரிக்காரன் யோசனை. தங்கள் பிழைப்பைக் கெடுக்க வந்தவன் என்று சொந்த ஊர் நெசவாளிகளே அவர்மேல் பாய்ந்தார்கள். மனுசன் பிரான்சுக்குப் போய் அங்கேயே செத்தார். அப்புறம் அதே ஊர் நடுவில் நினைவுச்சின்னம்.

ரேடியோவில் அர்த்தம் தெரியாமல் கேட்ட பெயர்களும் அப்படித்தான். பர்ன்லி, பிரெஸ்டன், போல்டன், பிளாக்பர்ன் எல்லாம் நூலும் தறியுமாக இருந்த ஊர்கள். 1888இல் லீக் தொடங்கியபோது இருந்த பன்னிரண்டு கிளப்பில் இந்த நான்கும் உண்டு. 1883இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்கிற அணி, நெசவாளிகளும் நூற்பாலை ஆட்களும் சேர்ந்தது, ஈட்டன் பள்ளியில் படித்த கனவான்களின் அணியைத் தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை வாங்கியது. பரியும் அந்தக் கோப்பையை 1900இலும் 1903இலும் எடுத்தது. இரண்டாவது தடவை டெர்பி கவுண்டியை ஆறுக்குப் பூஜ்யம் என்று சாத்தியது.

இதெல்லாம் எப்படி நடந்தது? 1850இல் ஒரு சட்டம் வந்தது. ஆலைகளில் பெண்களையும் இளம்வயதினரையும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது. அவர்கள் போய்விட்டால் ஆலையை ஓட்ட முடியாது. ஆண்களுக்கும் அரைநாள் கிடைத்தது. இரண்டு மணிக்குச் சங்கு, வீட்டில் சோறு, மூன்று மணிக்கு மைதானம். கால்பந்து பிறந்ததற்கு எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். அது மில்லூர் ஆட்டமானது அந்த மத்தியானத்தால் என்றே எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் அந்த மத்தியானத்தின் முடிவுகளை ராத்திரி பத்தே காலுக்கு மேல், ஒன்றரை ஷிப்டின் வாலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். உலகக் கோப்பை வருசங்களில் கொடி அச்சடித்த டி-ஷர்ட் ஆர்டர் குவியும்போது ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். ஜெர்சி எங்களுடையது, ஆட்டத்துக்கு நேரம் வேறு யாருடையதோ.

எல்லாம் சொல்லிவைத்த மாதிரி 2011இல் முடிந்தது. ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசுக்காக உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயம் இல்லாமல் துணி இல்லை, துணி இல்லாமல் கட்டிங் இல்லை. சித்தப்பா வாடகை கட்டிப் பார்த்துவிட்டு, மிஷின்களை வந்த விலைக்குத் தள்ளினார். சேட்டன் வளைகுடாவுக்குப் போகிறேன் என்று ஊருக்குப் போனார். ஜூனில் ஜே.சி.டி. அணியைக் கலைத்தார்கள். ஆகஸ்டில் பூட்டியா ஓய்வு அறிவித்தார். மறு ஜனவரியில் பேயர்ன் மியூனிக்கை டெல்லிக்கு வரவழைத்து வழியனுப்பு ஆட்டம் வைத்தார்கள், நாலு கோல் வாங்கினோம். அதை நான் டிவியில் பார்த்தேன், பக்கத்தில் பேச ஆளில்லாமல்.

மிச்சமிருந்தது பரி. 2019 மே மாதம் மான்செஸ்டர் சிட்டி எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஆறுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. இறுதியாட்டத்தின் மிகப் பெரிய வெற்றி என்கிற சாதனை பரியோடு பங்கு போடப்பட்டது என்று எல்லாப் பேப்பரிலும் 1903ஐ எடுத்துப்போட்டார்கள். ஆகஸ்டில், கடன் தீர்க்க வழியில்லை என்று பரியை லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். 1885இல் தொடங்கிய கிளப். 2023இல் ரசிகர்களே சேர்ந்து கிக் லேன் மைதானத்தில் அந்தப் பெயரில் மறுபடி ஆடவைத்திருக்கிறார்கள், வெகு கீழே ஒரு தட்டில்.

குன்னத்தூரில் இப்போது கொட்டகைகள் திரும்ப ஓடுகின்றன. தைக்கிறவர்களில் பாதிப்பேர் அசாம், ஒடிசாப் பையன்கள். ஞாயிறு சாயந்திரம் தரிசுக்காட்டில் கல் நட்டுப் பந்து விளையாடுகிறார்கள். திருப்பூர் காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் விற்கிற செகண்ட்ஸ் டி-ஷர்ட்டுதான் ஜெர்சி. பூட்டியாவைத் தெரியுமா என்று ஒருவனிடம் கேட்டேன். “சேத்ரி” என்றான். சுனில் சேத்ரியும் ஜே.சி.டி.யில் ஆடியவர்தான். 2009இல் லண்டன் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தும், இந்திய அணி உலகத் தரவரிசையில் முதல் எழுபதுக்குள் இல்லை என்பதால் வேலை அனுமதி கிடைக்கவில்லை. 2024இல் ஓய்வு அறிவித்தபோது இந்தியாவுக்காக 94 கோல் போட்டிருந்தார். இதை அரைகுறை இந்தியில் நான் சொல்லி முடிப்பதற்குள் பையன் பந்தைப் பார்க்க ஓடிவிட்டான். அவனுக்கு நேரமில்லை. ஷிப்மென்ட் இருக்கிற வாரம் ஞாயிறும் வேலை; சும்மா கிடைத்த அன்றைக்கும் நாலு மணிக்கு மேல்தான்.