எந்தப் பென்னிக்கு இடம்?

1860ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பென்னி ஒன்று போதுமா, பத்து வேண்டுமா? பிரிட்டிஷ் நாணயம் சேர்ப்பவர் எவரும் இந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. அரசர் வாரியாகச் சேர்த்தால் ஆல்பம் சில பக்கங்களில் முடிந்துவிடும். ஆண்டு வாரியாகச் சேர்த்தால் கொஞ்சம் பெருக்கும், ஆனாலும் எல்லை கண்ணுக்குத் தெரியும். உள்வகைகளுக்குள் காலை வைத்த பிறகுதான் கரை மறைகிறது. ஒரே ஆண்டு, ஒரே அரசி, ஒரே மதிப்பு. ஆனால் விளிம்பு வேறு, இலை வேறு, எழுத்தின் இடம் வேறு. எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு நமக்கென்று ஒரு நியாயம் இல்லாவிட்டால் பணமும் போகும், ஆசையும் அலுத்துப்போகும்.

1860ஐ முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டில்தான் பிரிட்டன் செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறியது. நூற்றுக்கு 95 பங்கு செம்பு, 4 பங்கு வெள்ளீயம், 1 பங்கு துத்தநாகம். பழைய செம்புப் பென்னி ஏறக்குறைய 18.8 கிராம், புதியது அதில் பாதி. மெல்லிய, கடினமான உலோகம். லெனார்ட் சார்லஸ் வயன் செதுக்கிய விக்டோரியாவின் இளம் தலை, பின்னால் முடிந்த கொண்டையோடு அதில் வந்தது. ஆங்கிலேயச் சேகரிப்பாளர்கள் அதைப் ‘பன் பென்னி’ என்பார்கள். எனக்கு அது கொண்டைப் பென்னி. முதலில் விளிம்பைச் சுற்றி முத்து முத்தாகப் புள்ளிகள் வைத்து அடித்தார்கள். அது சரிவராமல் அதே ஆண்டிலேயே பல் வரிசை போன்ற விளிம்புக்கு மாறினார்கள். மாறும் அவசரத்தில் ஒரு பக்கம் முத்து, மறு பக்கம் பல் என்று ஜோடி மாறி அடிபட்டவையும் வெளியே வந்தன. வயனின் பெயர் ஒரு நாணயத்தில் கழுத்து வெட்டின் மேல் இருக்கும், இன்னொன்றில் அதற்குக் கீழே இருக்கும், வேறொன்றில் இருக்கவே இருக்காது. தலையில் சூடிய லாரல் இலைகளை எண்ணினால் அந்த எண்ணிக்கையும் மாறும். ஒரு நாணயச்சாலை புது வேலையைப் பழகிக்கொண்ட தடம் அத்தனையும் அந்த ஓர் ஆண்டின் சில்லறையில் கிடக்கிறது.

இவற்றையெல்லாம் பிரித்து எண் கொடுத்தவர் மைக்கேல் ஃப்ரீமன். வெண்கல நாணயங்கள் பற்றிய அவர் புத்தகம் 1970இல் வந்தது. முன்பக்க அச்சுக்கு ஓர் எண், பின்பக்க அச்சுக்கு ஓர் எழுத்து, இரண்டும் சேரும் ஜோடிக்கு ஒரு வரிசை எண். பென்னிக்கு மட்டும் அந்த எண்கள் இருநூறைத் தாண்டும். அவருக்கு முன் சார்லஸ் வில்சன் பெக், பிரிட்டிஷ் மியூசியத்தின் செம்பு, தகர, வெண்கல நாணயங்களை 1960இல் பெரிய நூலாகத் தொகுத்திருந்தார். ஃப்ரீமன் விட்ட நுணுக்கங்களைப் பின்னால் மைக்கேல் கௌபி எடுத்துக்கொண்டார். இந்த உழைப்பின் முன் கைகூப்பத்தான் வேண்டும். ஆனால் எண் கொடுத்த மறுநாளே அந்த எண்ணுக்கு நம் பெட்டியில் ஒரு காலிக் குழி தோன்றிவிடுகிறது. அதுவரை நமக்குக் குறையாகத் தெரியாதது, பட்டியலில் பார்த்ததும் குறையாகிவிடுகிறது.

என்னைவிட மூத்த சேகரிப்பாளர் ஒருவர் ஃப்ரீமன் எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி வைத்து மரத்தட்டுகள் செய்து வைத்திருக்கிறார். “தம்பி, புத்தகத்துல நம்பர் இருக்குன்னா, அதுக்கு ஒரு குழி வேணும்ல?” என்பது அவர் வாதம். “அண்ணே, 1933க்கு என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன். அந்த ஆண்டுப் பென்னி ஏழுதான் என்று பொதுவாகக் கணக்கு. கட்டடங்களின் அஸ்திவாரக் கல்லுக்கு அடியில் வைப்பதற்கென்றும் அருங்காட்சியகங்களுக்கென்றும் அடித்தவை அவை. லீட்ஸில் ஒரு தேவாலயத்தின் கல்லுக்கடியில் இருந்ததை 1970இல் திருடிக்கொண்டே போய்விட்டார்கள். அவர் அசரவில்லை. “அந்தக் குழி காலியாவே இருக்கட்டும்” என்றார். அவர் சேர்ப்பது அவருக்குச் சரி. எனக்கு அந்த வழி ஒத்துவரவில்லை. எண் இருக்கிறது என்பது மட்டும் ஒரு நாணயத்துக்கு என் ஆல்பத்தில் இடம் வாங்கித் தராது.

என் அளவுகோல் இது: வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர் எடுத்த முடிவோ, செய்த செயலோ இருக்க வேண்டும். உலோகம் தானாகத் தேய்ந்ததும் அச்சு தானாக விரிந்ததும் கணக்கில் வராது. ஏன் இப்படி என்று கேட்பவருக்குக் கதையாகச் சொல்ல ஒரு காரணம் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்ததும் முதலில் விழுந்தவை தேதி இடைவெளிகள். 1870களின் பென்னிகளில் ஆண்டின் இலக்கங்கள் ஒன்றில் நெருங்கியும் ஒன்றில் விலகியும் இருக்கும். அந்தக் காலத்தில் ஆண்டின் கடைசி இலக்கங்களை ஒவ்வொரு அச்சிலும் ஒரு தொழிலாளி உளி பிடித்த கையால் தனியாக அடித்து இறக்குவார். மனிதக் கை ஒரு முறை வைத்த இடத்தில் மறுமுறை வைக்காது. அங்கே வேறுபாடு இருக்கிறது, ஆனால் அதை யாரும் நினைத்துச் செய்யவில்லை. அகலத் தேதி, குறுகிய தேதி என்று மில்லிமீட்டர் கணக்கில் பிரித்து அதற்கொரு விலை சொல்வதை என் மனம் ஏற்கவில்லை. அதே கை, பழைய எண்ணின் மேல் புது எண்ணை அடித்திருந்தால் மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். 1858 செம்புப் பென்னியில் 8க்கு அடியில் 7 எட்டிப் பார்க்கும். 1865 வெண்கலப் பென்னியில் 5க்கு அடியில் 3. மிஞ்சிய அச்சை வீணாக்காமல் ஒட்டுப்போட்டு ஓட்டிய சிக்கனம் அது. அதை நினைத்துத்தான் செய்தார்கள்.

நாணயச்சாலை மாறியவை சந்தேகமில்லாமல் உள்ளே. லண்டன் ராயல் மிண்டால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாதபோது பர்மிங்காமில் இருந்த ஹீட்டன் ஆலைக்கு வேலை போனது. 1874, 1875, 1876, 1881, 1882 பென்னிகளில் ஆண்டுக்குக் கீழே சிறிய ‘எச்’ எழுத்து நிற்கும். 1882இல் லண்டன் சாலை புதிய இயந்திரங்களுக்காக மூடிக் கிடந்ததால் அந்த ஆண்டுப் பென்னிகள் பர்மிங்காமில் அடித்தவை. எச் இல்லாத 1882 மிக மிக அரிது. இதில் ஒரு எச்சரிக்கை: அச்சில் அழுக்கு அடைத்து எச் மங்கிய நாணயமும், யாரோ அரத்தால் தேய்த்து எச் எடுத்த நாணயமும் அந்த அரிய வகையின் பெயரில் விற்பனைக்கு வரும். ஆண்டின் கீழே லென்ஸ் வைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்தின் கால் தடம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். முதல் உலகப்போரின் முடிவில், 1918, 1919இல், ஹீட்டனோடு கிங்ஸ் நார்ட்டன் ஆலையும் சேர்ந்தது. அதன் ‘கே.என்.’ ஆண்டின் இடப்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். போர்க்காலச் சில்லறைத் தட்டுப்பாட்டின் சாட்சி அந்த இரண்டு எழுத்து.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த உள்வகை 1926இல் வருகிறது. ஐந்தாம் ஜார்ஜின் பென்னிகளைத் திருப்பிப் பாருங்கள். பிரிட்டானியா அமர்ந்திருக்கும் பக்கத்தில் அரசர் தலையின் உருவரை நிழல்போல் படிந்திருக்கும். பெர்ட்ரம் மெக்கன்னல் செய்த தலை பெரியது, புடைப்பும் அதிகம். அச்சு இறங்கும்போது உலோகம் அந்தப் பள்ளத்தை நிரப்பப் பாய்ந்துவிடும். மறுபக்கத்துக்கு உலோகம் போதாமல் அந்தத் தலையின் வடிவிலேயே ஒரு மங்கல் விழும். ஆவி நிழல் என்றே சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். 1911 முதல் பல ஆண்டுகள் நாணயச்சாலை இதோடு மல்லுக்கட்டியது. 1926இன் பிற்பகுதியில் தலையைச் சற்றுத் திருத்தினார்கள். பிறகு 1928இல் தலையையே சிறிதாக்கி நிழலை ஒழித்தார்கள். 1926இல் பழைய தலையும் உண்டு, திருத்திய தலையும் உண்டு, திருத்தியது அரிது. கழுத்து வெட்டில் மெக்கன்னலின் பெயரெழுத்துகளைப் பார்த்தால் போதும்: பழையதில் நடுவில், புள்ளிகளோடு, திருத்தியதில் புள்ளியின்றிப் பின்பக்கம் தள்ளி. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு, ஒரு தொழிற்கூடம் பல ஆண்டு தோற்று, விடை கண்ட கதை அந்த இரண்டு எழுத்துக்கிடையில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் அளவு சிறியதா பெரியதா என்பதை நான் அளவுகோலாக வைக்காததற்கு இதுவே காரணம்.

அதே நியாயப்படி 1902இன் ‘தாழ் அலை’ பென்னியும் உண்டு. வழக்கமான பென்னியில் கடல்மட்டக் கோடு பிரிட்டானியாவின் கால்கள் குறுக்கிடும் இடத்தைத் தொடும். இதில் அதற்குக் கீழே போகும். கடலை ஏற்றி வரைந்தது யாரோ ஒருவரின் முடிவு. 1895இல் சூலத்துக்கும் பென்னி என்ற சொல்லின் முதல் எழுத்துக்கும் இடையே 1 மில்லிமீட்டரா 2 மில்லிமீட்டரா என்ற வேறுபாட்டையும் இந்தக் கணக்கில்தான் ஏற்றுக்கொண்டேன். வெறும் இடைவெளி அல்ல அது. பின்பக்கத்துக்கு வேறு மூல அச்சு.

குறைகளில் என் கோடு கண்டிப்பானது. 1946 பென்னி சிலவற்றில் ‘ஒன்’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு புள்ளி புடைத்திருக்கும். அச்சில் விழுந்த சிறு பள்ளம் அது, வேறொன்றும் இல்லை. பட்டியல்களில் இடம் பெற்றுவிட்டது, என்னிடம் இல்லை. இன்றைய 2 பவுண்டு நாணயங்களில் ஓர எழுத்து தலைகீழாக இருக்கிறது என்று கூடுதல் விலை கேட்பவர்கள் உண்டு. ஓரத்தில் எழுத்து பொறித்த பிறகுதான் வில்லை அச்சுக்குப் போகிறது, எந்தப் பக்கம் விழுந்தாலும் விழும். பாதி நேராகவும் பாதி தலைகீழாகவும் வருவது இயல்பு. அதற்கு ஒரு பைசா கூடுதலாகத் தர வேண்டாம். ஆனால் 1983இன் 2 பென்ஸ் சிலவற்றில், முந்தைய ஆண்டே கைவிட்ட ‘நியூ பென்ஸ்’ என்ற பழைய வாசகம் வந்ததே, அது வேறு. 2008இல் மேத்யூ டென்ட்டின் புதிய வடிவத்துக்காக ஆண்டை மறுபக்கத்துக்கு மாற்றியபோது, பழைய தலையும் புதிய பின்பக்கமும் ஜோடி சேர்ந்து ஆண்டே இல்லாத 20 பென்ஸ் வெளிவந்ததும் அப்படித்தான். தவறிய கையும் மனிதக் கைதான். யாரோ ஒருவர் தப்பான அச்சை எடுத்துப் பொருத்தினார். இரண்டுக்கும் இடம் உண்டு.

நிறத்துக்கு உண்டா? உண்டு. 1897 முதல் 1918 வரை ஃபார்த்திங் காசுகளை நாணயச்சாலையே கறுப்பாக்கி வெளியிட்டது. பளபளக்கும் புது ஃபார்த்திங் அரைச் சவரன் தங்கக் காசின் அளவை ஒட்டியிருந்தது. ஏமாற்றுவோருக்கு அது வசதி. ஆகவே 1897இல் பளபளப்பானது ஒன்றும் கறுப்பானது ஒன்றும் என்னிடம் அடுத்தடுத்து இருக்கின்றன. இந்தக் கறுப்பைப் பழைமையின் அழுக்கென்று எண்ணிப் புளி போட்டுத் தேய்ப்பவர்கள் ஒரு வரலாற்றையே தேய்த்துக் கழுவுகிறார்கள்.

எது பிரிட்டிஷ் நாணயம் என்பதிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 1828, 1830, 1837 அரை ஃபார்த்திங்குகள் இலங்கைக்கென்று லண்டனில் அடித்தவை. 1842இல்தான் அரை ஃபார்த்திங் பிரிட்டனிலும் செல்லும் என்று ஆணை வந்தது. அதைவிடச் சிறிய கால் ஃபார்த்திங் பிரிட்டனில் ஒருநாளும் செல்லுபடியானதில்லை. 1839லும் 1851 முதல் 1853 வரையிலும் இலங்கைக்காக மட்டும் வந்தது. ஒரு பவுண்டுக்கு 3,840 கால் ஃபார்த்திங். லண்டனில் அதை வைத்துக்கொண்டு எதுவும் வாங்க முடியாது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அது கைமாறியிருக்கும். ஆங்கிலேயர் பட்டியல்கள் இதைப் பிரிட்டிஷ் வரிசையில் வைக்கின்றன. நானும் வைத்திருக்கிறேன். பென்னியின் வரிசையில் எங்கள் கடற்கரைக்கு வந்துபோன காசு அது. கண்டிஷன் சுமாராக இருந்தாலும் எடுத்துக்கொள்வேன்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால், அரியவற்றின் பக்கம் போகாமல் இரண்டே இரண்டு பென்னி வாங்கச் சொல்வேன்: 1948 ஒன்று, 1949 ஒன்று. இரண்டும் ஆறாம் ஜார்ஜ், பார்வைக்கு ஒரே முகம். 1948இல் அரசரின் பட்ட வரிசை ‘இண்ட்: இம்ப்:’ என்று முடியும், இந்தியப் பேரரசர் என்பதன் லத்தீன் சுருக்கம். பென்னியில் 1895இல், முக்காடிட்ட விக்டோரியாவோடு ஏறிய பட்டம் அது. இந்தியா 1947இல் விடுதலை பெற்றது. 1948 ஜூனில் அரசர் அந்தப் பட்டத்தைக் கைவிட்டார். 1949 பென்னியில் அது இல்லை. காலியான இடத்தை நிரப்ப, அதுவரை ‘எஃப்: டி:’ என்று இரண்டெழுத்தில் நின்ற பட்டத்தை ‘ஃபிடேயி டெஃப்’ என்று நீட்டி எழுதினார்கள். 1948இல் சுமார் 6.4 கோடி, 1949இல் சுமார் 1.4 கோடி அடித்தார்கள். இரண்டும் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. அந்த இரண்டையும் வாங்கி அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு உங்கள் அளவுகோலை எழுதுங்கள்.